இரண்டு பதிவேடுகள், ஒரு குழந்தை: தமிழ்நாட்டுக் குழந்தை நலப் பணிகளில் துறைகளின் கூட்டுழைப்பு

1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 இடங்களில் தொடங்கப்பட்ட திட்டத்திற்கு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்று பெயர். அது வாக்களித்த பணிகள் ஆறு: இணை உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து மற்றும் நலக் கல்வி, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல். கடைசி மூன்றும் அங்கன்வாடிப் பணியாளரின் கையில் இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஆள் வந்தால்தான் நடக்கும். சரிபாதி வேலைக்கு அடுத்த துறையின் வாசலைப் பார்த்து நிற்கும்படியே இத்திட்டம் பிறந்தது. இந்த இடைவெளிக்கு அரசு திரும்பத் திரும்பத் தேடும் மருந்து ஒருங்கிணைப்புக் குழு: மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று. இடைவெளி குறைந்த இடங்களில் அதைக் குறைத்தது இரு துறைகளும் சேர்ந்து கணக்குச் சொல்ல வேண்டியிருந்த ஒரு வேலை. குழுவுக்கு அதில் பெரிய பங்கில்லை. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்கலாம். சமவெளியில் துணை சுகாதார நிலையம் ஒன்றுக்கு 5,000 மக்கள். அங்கன்வாடி ஒன்றுக்கு 400 முதல் 800 பேர். விதிமுறைப்படியே ஒரு கிராம சுகாதார செவிலியரின் பொறுப்பில் ஆறு மையங்களுக்குக் குறையாது. அங்கன்வாடிப் பணியாளருக்கு இருப்பது ஒரே நர்ஸம்மா; நர்ஸம்மாவுக்கோ இவர் ஆறேழு பேரில் ஒருவர். அவர் முறையான அரசு ஊழியர். இவர் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருப்பவர். இருவரையும் சமமான கூட்டாளிகளாகப் பாவித்து எழுதப்படும் சுற்றறிக்கைகள் இந்த ஏற்றத்தாழ்வைத் தொடுவதே இல்லை.

இதன் மிகத் தெளிவான சோதனை தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் தொடங்கிய அத்திட்டம், 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் இணை உணவு; தேறிவிட்டால் நிறுத்தம். இத்தனை கறாரான விதியோடு நடந்த உணவுத் திட்டங்கள் அரிது. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்ததை மதிப்பீடுகள் பதிவு செய்தன. ஆனால் திட்டத்தின் சுகாதாரப் பகுதி ஊட்டச்சத்துப் பகுதிக்கு ஈடாக ஓடவில்லை என்பதும் பதிவாயிற்று. காரணம் தனிமனிதர்களின் மெத்தனம் என்று நான் கருதவில்லை. எடை குறைந்த குழந்தையைப் பற்றி அத்திட்டத்தின் சமூக ஊட்டச்சத்துப் பணியாளர் மேலே கணக்குக் கொடுக்க வேண்டும். செவிலியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவரை அன்றைய துறை அளந்த கோல் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு. தன் மேலதிகாரி கேட்காத குழந்தைக்காக யார்தான் இரண்டாம் முறை நடப்பார்கள்?

இடத்தை மட்டும் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. மையம் சமூக நலத் துறையுடையது. கற்பிக்க அனுப்பப்பட்டவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் உபரி இடைநிலை ஆசிரியர்கள். தொடக்கப் பள்ளிக்காகத் தேர்வானவர்களை மழலையர் வகுப்புக்கு அனுப்புவதா என்று ஆசிரியர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2022 ஜூனில் வகுப்புகளை அங்கன்வாடியே நடத்தும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே அது மாறி, பள்ளிகளில் தொடரும் என்றானது. கட்டடம் பொது, குழந்தைகள் பொது; பொறுப்பு மட்டும் யாருடையது என்று தீர்மானமாகவில்லை.

இதற்கு மாறாக, புதன்கிழமைத் தடுப்பூசி பெரிய ஆரவாரமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. தாய்மாரை அழைத்துவர மையத்தின் ஆள் வேண்டும். ஊசி போடச் செவிலியர் வேண்டும். ஒருவர் தவறினால் அன்றே தெரிந்துவிடும். 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கப்பட்ட 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமும் இந்தத் தடத்தில்தான் செல்கிறது. அங்கன்வாடியில் எடையும் உயரமும் அளக்கப்பட்ட குழந்தைகளை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். நோயுள்ளவர்களுக்குச் சிகிச்சை, கடுமையாக மெலிந்தவர்களுக்குச் சிறப்பு உணவு. ஒரே பட்டியலுக்கு இரு துறைகளும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதிவில் மட்டும் பழைய பிளவு நீடிக்கிறது. கருவுற்ற தாய் சுகாதாரத் துறையின் பிக்மி மென்பொருளில் ஒரு முறை, அங்கன்வாடியின் போஷன் டிராக்கர் செயலியில் இன்னொரு முறை பதிவாகிறார். தாய் ஒருவர்தான், தட்டச்சு இருமுறை.

துறைகளையே இணைத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இணைத்தாலும் உள்ளே இரு பிரிவுகள், இரு பணிமூப்புப் பட்டியல்கள், இரு சங்கங்கள் இருக்கத்தான் செய்யும். வாசல்கள் ஒரே கட்டடத்துக்குள் வந்துவிடும், அவ்வளவுதான். குறைந்த செலவில் செய்யக்கூடியது வேறு: எடை ஏறாத குழந்தைகளின் பட்டியலில் மாதந்தோறும் வட்டார மருத்துவ அலுவலரும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும், செவிலியரின் மாத ஆய்விலும் அதே பட்டியல் கேட்கப்பட வேண்டும்.

இத்துறையில் ஆய்வு செய்வோருக்கு ஒரு வேண்டுகோள். குழுக்கூட்டக் குறிப்புகளைத் தரவாகக் கொள்ளுமுன், எடை பார்க்கும் நாளில் ஒரு மையத்தில் காலை முதல் மதியம் வரை உட்கார்ந்து, செவிலியர் வந்தாரா என்று பாருங்கள்.