வட்டம் ஏன் முட்டையானது?

நமது சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டதும், ஹாஸ்டல் கதைகளைத்தான் எழுத நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுதும் நண்பர்கள் இருக்கிறார்கள். எனவே ஒரு வட்டத்தின் கதையை எழுதுகிறேன்.

2006-ல் நான் முதலாண்டு மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் லேப்புக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். டர்போ சி-யில் நான் வரைந்த முதல் முக்கோணம் தலைகீழாக நின்றது. திரையின் மேல் இடது மூலைதான் பூஜ்யம், ஒய் கீழ்நோக்கி வளரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அடுத்து வட்டம். தயாராக இருந்த 'சர்க்கிள்' கட்டளையை விட்டுவிட்டு, சைன், காஸ் போட்டு ஒவ்வொரு புள்ளியாக நானே வைத்தேன். வந்ததோ முட்டை!

லேப் சார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "டேய், உன் கணக்கு சரிதான். குறுக்கே ஒரு அடியும் நெடுக்கே ஒரு அடியும் ஒரே நீளமான்னு பாத்தியா?" சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து நான் காப்பி அடித்தது பழைய ஈ.ஜி.ஏ. மோடு. குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 350 புள்ளி. அதில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் அதிகம். 'சர்க்கிள்' கட்டளை அந்த வித்தியாசத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், நான் செய்யவில்லை. மார்க் வாங்கினேன், மறந்தேன்.

இந்த 'அடி' கணக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1959-ல் அமெரிக்காவின் கால்காம்ப் கம்பெனி 565 என்ற பிளாட்டரை வெளியிட்டது. உருளையில் சுற்றிய காகிதம் முன்னும் பின்னும் நகரும். பேனா இடமும் வலமும் நகரும். ஒரு அடி என்பது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. குறுக்கே, நெடுக்கே, மூலைவாட்டில் என்று மொத்தம் எட்டே திசைகள். இதை வைத்துக்கொண்டு எந்தச் சாய்விலும் கோடு போடவேண்டும்.

வழி கண்டவர் ஐ.பி.எம். பொறியாளர் ஜாக் பிரசன்ஹாம். 1962-ல் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில், ஐ.பி.எம். 1401 கணிப்பொறியோடு அப்படியொரு பிளாட்டரை இணைத்திருந்தார்கள். அந்த 1401-ல் பெருக்கல், வகுத்தல்கூடத் தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டிய வசதி! பிரசன்ஹாமின் முறைக்கு முழு எண்களில் கூட்டலும் கழித்தலும் போதும். உதாரணமாக, குறுக்கே 5, மேலே 2 போகும் கோடு. இரண்டின் இரு மடங்கில் ஐந்தைக் கழித்தால் மைனஸ் 1. இது தொடக்கக் கணக்கு. கணக்கு மைனஸ் என்றால் நேராக ஒரு அடி வைத்து 4 கூட்டு. இல்லையென்றால் மூலைவாட்டில் ஒரு அடி வைத்து 6 கழி. நேர், மூலை, நேர், மூலை, நேர் என்று ஐந்தே அடியில் பேனா சரியான இடத்தில் போய் நிற்கும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 1965-ல் இது ஐ.பி.எம். சிஸ்டம்ஸ் ஜர்னலில் வெளியானது. வட்டத்துக்கான அவருடைய கட்டுரை 1977-ல் வந்தது.

இன்று மாணவர்கள் பைதானில் மேட்பிளாட்லிப் கொண்டு வரைகிறார்கள். அதை உருவாக்கியவர் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை அது. 2003-ல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2012-ல், 44 வயதில் காலமானார். அவர் கொடுத்த கருவி ஒரு வரியில் வட்டம் போடும். ஆனால் நாம் சொல்லாவிட்டால், தரவு எதுவானாலும் சட்டம் நிறையும்படி இழுத்து வரையும். சட்டத்தின் அகல உயர விகிதம் நாலுக்கு மூன்று.

இங்கேதான் நான் விழுந்தேன். 2016-ல் கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கிரைண்டிங் முடிந்த ஷாப்ட்டுகளின் வட்டத்தன்மையைப் பார்க்க, மைக்ரான் அளவு பிசகுகளை ஆயிரம் மடங்கு பெரிதாக்கி பைதானில் வரைந்தேன். எல்லாமே நீள்வட்டம்! பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், வயதில் மூத்த ஆபரேட்டர் ஒருவரை எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. மைக்ரோமீட்டரை எடுத்தார்; ஒரு தடவை அளந்தார், ஷாப்ட்டைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளந்தார். இரண்டும் ஒரே அளவு. "சார், சாமான் உருண்டையாத்தான் இருக்கு. உங்க பேப்பரைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். குறுக்கே ஒரு அடி, நெடுக்கே ஒரு அடி... லேப் சாரின் குரல் கேட்டது. இரு அச்சுக்கும் அளவு சமம் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன், எல்லாம் வட்டமாகின. மறுநாள் ஷிப்டு தொடங்கும்போது, அதே ஆட்கள் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், டீ குடிக்கலாம் வாங்க" என்றார். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிரசன்ஹாம் ஒவ்வொரு அடியையும் தானே எண்ணவேண்டியிருந்தது. நமக்காகக் கருவியே எண்ணிவிடுகிறது. அதனால்தான் ஒரு மனிதரின் வேலையைக் குறை சொல்லும் படம் கையில் வந்தால், முதலில் இரண்டு அச்சையும் பாருங்கள். அப்புறம் மனிதரிடம் போங்கள்.