மூலநிரலிலிருந்து மென்பொருளை நிறுவுதல்

மூலநிரலிலிருந்து நிறுவுதல் என்பது, திறந்த மூல மென்பொருளொன்றின் மூலநிரலைப் பெற்று, அதைப் பயனரின் கணினியிலேயே கம்பைல் செய்து நிறுவும் முறையாகும். கம்பைல் செய்து வழங்கப்படும் இருமக் கோப்பு குறிப்பிட்ட இயங்குதளத்திற்கும் செயலிக்கும் மட்டுமே பொருந்தும். மூலநிரலையோ, அதற்கேற்ப எழுதப்பட்டிருப்பின், பல இயங்குதளங்களிலும் கம்பைல் செய்யலாம்.

செய்முறை

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இது பெரும்பாலும் மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலில் "கன்ஃபிகர்" நிரல், கணினியிலுள்ள கம்பைலரையும் நிரலகங்களையும் ஆராய்ந்து "மேக்ஃபைல்" என்னும் கோப்பை உருவாக்கும். அடுத்து "மேக்" கருவி அக்கோப்பின்படி மூலநிரலைக் கம்பைல் செய்யும். இக்கருவியை 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கினார். இறுதியாக "மேக் இன்ஸ்டால்" கட்டளை, கோப்புகளை உரிய அடைவுகளில் இடும்.

இயங்குதள வேறுபாடுகள்

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களில் "பில்ட்-எசென்ஷியல்" பொதி அடிப்படைக் கருவிகளைத் தருகிறது. மாக் இயங்குதளத்தில் எக்ஸ்கோட் கட்டளைவரிக் கருவிகள் பயன்படுகின்றன. விண்டோஸில் விசுவல் ஸ்டுடியோ, மிங்டபிள்யூ, சிக்வின் முதலியவை பயன்படுகின்றன.

நம்பகத்தன்மை

மூலநிரலைப் படித்துச் சரிபார்க்க இயல்வது இம்முறையின் முக்கிய நன்மையாகும். எனினும், கம்பைல் செய்ய உதவும் துணைநிரல்களும் சரிபார்க்கப்பட வேண்டியவை. வெளியார் கணினியினுள் நுழைய வழிசெய்யும் தீநிரல் ஒன்று, எக்ஸ்இசட் யூட்டில்ஸ் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருப்பது 2024 மார்ச்சில் கண்டறியப்பட்டது. அதைக் கம்பைலின்போது உட்புகுத்திய துணைநிரல், பொதுக் களஞ்சியத்தில் இடம்பெறாமல், வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது.