மாமனார் ஊரில் இருந்த நூலகம்



ஒரு வாரமாக ஒரே மனிதரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் டேவிட் ஓப்பன்ஹைம். ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் 1664இல் பிறந்தவர். பிராக் நகர யூதர்களின் தலைமை ரபியாக இருந்து 1736இல் மறைந்தார். ரபி என்றதும் பூசாரி என்று நினைத்துவிடாதீர்கள். யூதச் சட்டம் படித்து, வழக்கு கேட்டு, தீர்ப்புச் சொல்பவர் அவர். திருமணம், கடன், சொத்து, உணவு என்று எதில் சந்தேகம் வந்தாலும் மக்கள் அவரிடம்தான் போவார்கள். அவர் நூலைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த நூல்களில் தலையாயது தல்மூத். அதன் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே ஆசிரியர் வேலை பார்த்தவனுக்கு ஆசையாக இருக்கும். நடுவில் மூலம். அதற்கு ஒரு பக்கத்தில், 1105இல் மறைந்த ராஷி எழுதிய உரை. மறுபக்கத்தில், அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த உரையைக் கேள்வி கேட்டு எழுதிய குறிப்புகள். அவர்களில் ராஷியின் சொந்தப் பேரன்களும் உண்டு! தாத்தா சொன்னதும் பேரன் மறுத்ததும் ஒரே தாளில். வெனிஸில் டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகக்காரர் 1520 முதல் 1523 வரை முழு தல்மூத்தையும் முதன்முதலாக அச்சிட்டார். அவர் போட்ட பக்க எண்தான் இன்றும் உலகம் முழுக்க.

ஆனால் இந்த நூல் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1242இல் பாரிஸில் 24 வண்டி நிறைய எரித்தார்கள். 1553இல் ரோம் நகரின் நடுச் சந்தையில் எரித்தார்கள். எரிக்காத இடங்களில் தணிக்கைக்காரர்கள் மையை எடுத்து வரி வரியாக அடித்தார்கள். ஓப்பன்ஹைம் காலத்துப் பிராகிலும் கத்தோலிக்கத் தணிக்கை கடுமை. எபிரேய நூல் வைத்திருந்தாலே எப்போது பறிபோகுமோ என்ற பயம்.

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். தம் நூலகத்தைப் பிராகில் வைக்காமல், சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி, புராட்டஸ்டண்ட் ஆட்சியில் இருந்த ஹானோவரில் வைத்தார். மாமனார் லெஃப்மன் பேரன்ஸ் அங்கே அரசவைக்கு வேண்டிய செல்வர். ஆக, தீர்ப்புச் சொல்கிறவர் ஓர் ஊரில், அவருடைய நூல்கள் மாமனார் ஊரில்!

அவரும் சாதாரணமாகச் சேர்க்கவில்லை. கையெழுத்துப் படிகள் மட்டும் சுமார் 780, அச்சு நூல்கள் 4,000க்கு மேல். புது நூல் வரும்போது தமக்கென்று ஒரு படியை நீலத்தாளில் அச்சிடச் சொல்வார். சிலவற்றைப் பதப்படுத்திய கன்றுத்தோலில் அச்சிடச் செய்தார். 1715 முதல் 1722 வரை பெர்லினிலும் ஓடர் நதிக்கரை ஃபிராங்ஃபர்ட்டிலும் அச்சான தல்மூத்திலும் அவருக்கென ஒரு தோல் படி தயாரானது. இத்தனை ஆசையாகச் செய்வித்ததை நினைத்த நேரத்தில் எடுத்துப் பார்க்க முடியாத நிலைமை. எனக்கு இதுதான் மனதை என்னவோ செய்தது. ஹாம்பர்க்கைச் சேர்ந்த வுல்ஃப் என்ற கிறிஸ்தவ அறிஞர் தம் பெரிய எபிரேய நூற்பட்டியலுக்கு இந்த நூலகத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். உரியவரோ பிராகில்.

பயம் வீணானது என்று சொல்வதற்கில்லை. அவர் இறந்து எட்டே ஆண்டில், 1744 டிசம்பரில், அரசி மரியா தெரசா பிராக் யூதர்கள் அனைவரையும் நகரைவிட்டு வெளியேறச் சொல்லி ஆணையிட்டார். கடுங்குளிரில் குழந்தை குட்டியோடு போனார்கள். 1748இல்தான் திரும்ப விட்டார்கள். நூலகம் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வாரிசுகள் கையில் அது பட்ட கதை வேறு. அடமானம், கடன், பிறகு ஹாம்பர்க்கில் பல பத்தாண்டுகள் பெட்டிக்குள் உறக்கம். பெரும் விலை மதித்தவர்கள் உண்டு, கொடுத்து வாங்கத்தான் ஆளில்லை. கடைசியில் 1829இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் 9,000 தாலர் கொடுத்து மொத்தமாக வாங்கியது. அடிமாட்டு விலை என்பேன். யூத நூல் ஒன்றைப் பற்றி யூத அறிஞர் ஒருவர் கேட்க வேண்டுமானால் அதன்பின் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. மோரிட்ஸ் ஸ்டைன்ஷ்னைடர் என்ற பெர்லின் யூத அறிஞர்தான் அந்த நூலகத்தின் எபிரேய அச்சு நூல்களுக்குப் பெரிய பட்டியல் தயாரித்தார். 1852 முதல் 1860 வரை அது வெளிவந்தது.

அந்த நூல்களின் அடுக்கு எண்ணுக்கு முன்னால் இன்றும் ஓப்பன்ஹைம் பெயரின் சுருக்கம்தான் இருக்கிறது.