வரைபடத்தில் எல்லையில்லாத நாடு

தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு 'எங்கள் மாநிலம்' என்ற தலைப்பில் செயல்திட்டம் தரப்படும்போது, மரகதப்புறா, வரையாடு, செங்காந்தள், பனை ஆகியவற்றின் படங்களைக் கடையில் வாங்கி ஒட்டி, அவற்றின் கீழே தலைநகரின் பெயரையும் மாவட்டங்களின் எண்ணிக்கையையும் எழுதி முடிப்பது தமிழகமெங்கும் வழக்கமாகிவிட்டது. காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் இவ்வழக்கத்தால் நேரும் இழப்பு பெரிது. ஏனெனில், ஒரு மாநிலம் எவ்வாறு உருவாயிற்று என்பதைத் தன் உறவினர் வீடுகளைக் கொண்டே ஒரு குழந்தை அறிந்துகொள்ளத்தக்க வட்டாரம் இது.

செட்டிநாடு என்பது எந்த அரசும் வகுத்த நிர்வாகப் பிரிவு அன்று. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் குடியேறி வாழ்ந்த ஊர்களின் தொகுதிக்கே அப்பெயர் வழங்குகிறது. அவ்வூர்கள் 96 என்பது மரபு வழக்கு. இவற்றுள் காரைக்குடி 1910 வரை மதுரை ஜில்லாவிலும், அதன்பின் புதிதாக அமைந்த இராமநாதபுரம் ஜில்லாவிலும் இருந்து, 1985 முதல் சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. வடக்கே இருக்கும் இராயவரமோ புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அதாவது, பிரிட்டிஷாரின் மேலாண்மைக்கு உட்பட்டுத் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி அரசைச் சேர்ந்தது. அச்சமஸ்தானம் 1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகி, 1974இல் தனி மாவட்டமாயிற்று. 1956இல் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்ட சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு என்ற பெயரைப் பெற்றது. ஆகவே, 1940இல் இராயவரத்தில் பிறந்து 1958இல் காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்ட ஓர் அப்பத்தா, மன்னராட்சியில் பிறந்து, சென்னை மாநிலத்தில் மணமுடித்து, இராமநாதபுரம் மாவட்டத்தில் பிள்ளைகளைப் பெற்று, புகுந்த வீட்டைவிட்டு வேறெங்கும் குடிபெயராமலேயே சிவகங்கை மாவட்டத்துக்காரராகிப் பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பார். பாடநூல் ஒரு வரியில் சொல்லிக் கடக்கும் மாற்றங்கள் இத்தகைய ஒருவரின் வாழ்க்கையில் வரிசையாக அடங்கியிருக்கின்றன.

இந்த நிலப்பகுதியைப் பற்றி முதலில் விரிவாகத் தொகுக்கப்பட்ட அச்சு நூல்கள் குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை நாட்டுக் கையேடும், பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட மதுரை மாவட்ட விவரச்சுவடியும் வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் வந்த அதிகாரிகளுக்காக ஆங்கிலத்தில் இயற்றப்பட்டவை. தமிழில் அக்குறையை நீக்க முற்பட்டவர்களுள் செட்டிநாட்டவர் இருவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர்கள் என்பதும், அவ்விருவருமே முதலில் உலகைச் சுற்றிவிட்டுப் பிறகு உள்ளூரை எழுதியவர்கள் என்பதும் தற்செயல் எனத் தோன்றவில்லை. பர்மா, இலங்கை, மலேயா எனக் கடல் கடந்து வட்டித்தொழில் நடத்திய சமூகத்தில், பிற ஊர்களைக் கண்டு குறித்துவைக்கும் பழக்கம் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்தது.

கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டவர். 'குமரி மலர்' இதழில் பழைய ஏடுகளிலிருந்து அரிய கட்டுரைகளைத் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்துவந்த அவர், தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றி முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968இல் நூலாக்கினார். நெற்குப்பையில் 1921இல் பிறந்த சோமலெ, மாவட்டத்துக்கு ஒரு நூல் என்ற முறையில் நிலவளம், பயிர், தொழில், கோயில், திருவிழா, பழக்கவழக்கம் ஆகியவற்றை எளிய உரைநடையில் தொகுத்தளித்தார். அரசாங்க விவரச்சுவடிகளில் சாதியும் வருவாயுமாகக் குறிக்கப்பட்ட மக்கள், அவர் நூல்களில் உண்டு உடுத்து உழைப்பவர்களாகத் தோன்றுகின்றனர். ஆசிரியர் உடனிருந்து விளக்கினால் ஐந்தாம் வகுப்பு மாணவரும் அவற்றைப் படித்துப் பயன்பெறலாம். அதே கோட்டையூரைச் சேர்ந்த, பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களும் இதழ்களும் மட்டுமின்றித் திருமண அழைப்பிதழ், நாடக அறிவிப்பு போன்ற துண்டுத்தாள்களையும் விலக்காமல் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு ஆய்வு நூலகமாயிற்று. துண்டுத்தாளும் சான்றே என்ற அவருடைய நோக்கு, பள்ளிச் சிறுவர்களுக்கு முதலில் கற்பிக்கத்தக்கது.

அத்தகைய சான்றுகள் செட்டிநாட்டு வீடுகளிலேயே உள்ளன. நகரத்தார் திருமணத்தில் எழுதப்படும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஏட்டில், மணமக்களின் பெயரோடு தந்தையர் பெயர், ஊர், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களுள் அவரவர்க்குரிய கோயில் ஆகியவை இடம்பெறும். மூன்று தலைமுறை ஏடுகளை அடுத்தடுத்து வைத்து, எந்தெந்த ஊர்களுக்கிடையே கொள்வினை கொடுப்பினை நடந்தது என்று ஒரு வரைபடத்தில் கோடிட்டால், நிர்வாக எல்லைகளை மீறிய செட்டிநாட்டின் வடிவம் குழந்தையின் கண்முன் தெளிவாகும். வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி நிற்கும் தேக்குத் தூண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பர்மாவுக்கு இட்டுச்செல்லும். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நெல்வயல்களுக்கும், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது உடைமைகளைக் கைவிட்டு நிகழ்ந்த ஓட்டத்துக்கும் அங்கிருந்தே வழி பிரிகிறது.

பெரிய வீட்டின் வரலாற்றையே செட்டிநாட்டின் வரலாறாகக் கொள்ளும் பிழை நூல்களில் மிகுதி. பள்ளிச் செயல்திட்டத்தில் அது தொடரலாகாது. ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் அச்சுச்சட்டத்தை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே தரைக்கல் செய்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகமே பின்னர்ப் பளபளக்கும் மேற்பரப்பாகிறது. அக்கல்லைச் செய்பவரின் மகளுக்கும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை நெய்பவரின் மகனுக்கும் எழுதுவதற்கு வேண்டிய மாநில வரலாறு, தறியிலும் அச்சுச்சட்டத்திலும் குறைவின்றி இருக்கிறது. அவர்கள் பெற்றோரிடம் கேட்டு எழுதும் இரண்டு பக்கம், எந்த விவரச்சுவடியிலும் இடம்பெறாத செய்தியாக இருக்கக்கூடும்.

வீடுகள் இடிக்கப்படும்போது தூணும் கதவும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு விலைக்குப் போகின்றன. கணக்கேடுகளுக்கும் கடிதங்களுக்கும் அந்த விலைமதிப்புகூட இல்லை. ஆதலால், செயல்திட்டம் தரும் ஆசிரியர், மாணவர்கள் கொண்டுவரும் ஏடுகளையும் ஒளிப்படங்களையும் நகலெடுத்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் சொல்லக் கேட்டது என்ற நான்கு விவரங்களைக் குறித்துப் பள்ளி நூலகத்திலேயே சேமித்துவைப்பது, மதிப்பெண் இட்டவுடன் தாள்களைத் திருப்பித் தருவதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.