ஈயத்தாள் முதல் நீலக்கதிர்த் தட்டு வரை

சென்னையில் அடையாறு என்றவுடன் ஆற்றின் கழிமுகமும், பிரம்மஞான சபையின் விரிந்த தோட்டமும், விழுதுகள் ஊன்றிய ஆலமரமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒலிப்பதிவின் சரித்திரத்திலும் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

1878-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பிரம்மஞான சபையைத் தோற்றுவித்த கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் நியூயார்க் நகரிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட ஆயத்தமானார்கள். அவர்களுக்கு நண்பர்கள் விடையளித்த கூட்டத்திற்கு, அவ்வாண்டில் அச்சபையில் உறுப்பினராகச் சேர்ந்திருந்த தாமஸ் ஆல்வா எடிசன், தாம் முந்திய ஆண்டில் கண்டுபிடித்த பேசும் யந்திரம் ஒன்றை அனுப்பிவைத்தார். கூடியிருந்தோர் ஒவ்வொருவராக அதன் முன் பேசினார்கள். உருளையின் மேல் சுற்றியிருந்த மெல்லிய ஈயத்தாளில் அவர்கள் குரல் பள்ளங்களாகப் பதிந்தது. அந்தத் தாள்கள் கவனமாகக் கழற்றப்பட்டு இந்தியாவுக்கு வந்தன. பிற்காலத்தில் அடையாறு நூலகத்தில் வைக்கப்பட்டன என்று ஆல்காட் தமது நாட்குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். சபையின் தலைமையகம் 1882-இல் அடையாற்றுக்கு வந்தது. நூலகம் 1886-இல் நிறுவப்பெற்றது.

ஆனால், உருளையிலிருந்து ஒருமுறை கழற்றிய ஈயத்தாளை மீண்டும் பேசவைப்பது மிக அரிது. மடித்தால் பள்ளங்கள் மட்டமாகிவிடும். ஊசி நாலைந்து முறை ஓடினாலே தேய்ந்துவிடும். தாள் கடல் கடந்து வந்தது. அதைப் பேசவைக்கும் வழி கூடவே வரவில்லை. பதிவு செய்வது வேறு, பாதுகாப்பது வேறு என்ற பாடத்தை அந்த ஈயத்தாள்கள் நமக்குக் கற்பிக்கின்றன. இன்று வீட்டுக் கூடத்தில் திரைப்படமும் கச்சேரியும் காண்பதற்காக ஒரு தட்டு யந்திரத்தை வாங்க நினைப்பவரும் இந்தப் பாடத்தை மறத்தலாகாது.

அத்தகைய யந்திரத்தை எவ்வாறு மதிப்பிடுவது? நான்கு கேள்விகள் கேட்கலாம். மூலத்திற்கு அது எவ்வளவு உண்மையாக இருக்கிறது? எவ்வளவு நேரம் கொள்ளுகிறது? யாருக்கெல்லாம் எட்டுகிறது? எத்தனை காலம் நிலைக்கும்? இந்த நான்கு உரைகற்களையும் கையில் வைத்துக்கொண்டு சரித்திரத்தின் வழியே சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

எடிசனின் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத் தகட்டைப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் எமில் பெர்லினர். அவர் 1887-இல் கிராமபோனுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். உருளையை எளிதில் படியெடுக்க இயலாது; தட்டையோ, ஒரு அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். அச்சு யந்திரம் ஏட்டுச் சுவடிக்குச் செய்ததைத் தட்டு பாட்டுக்குச் செய்தது எனலாம்.

1902-ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அம்மாது தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவதைத் தட்டில் கேட்கலாம். அக்காலத்தில் இந்தியாவில் பதிவான பாட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்திற்குச் சென்று அங்கே தட்டுகளாக அழுத்தப்பட்டுத் திரும்பி வந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகுதான் அந்த நெடும்பயணம் குறைந்தது. இதில் வியப்பு என்னவென்றால், தட்டுகளுக்கு வேண்டிய முக்கியமான சரக்காகிய அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்தே கிடைத்தது. நம் மரங்களில் பூச்சிகள் ஈன்ற அரக்கு கடல் கடந்து சென்று, நம்மவர் பாட்டைச் சுமந்துகொண்டு மீண்டும் நம்மிடமே விலைக்கு வந்தது!

சென்னையிலும் தட்டுகள் விரைவில் பரவின. கோயமுத்தூர் தாயியின் குரல் தட்டின் வழியாகவே பிரான்சு தேசத்து இசைப் புலவர் மோரிஸ் டெலாஜின் செவிக்கு எட்டி, அவருடைய சொந்தப் படைப்பிலும் தன் சாயலைப் பதித்தது. மதுரையிலிருந்து வந்த பத்து வயதுச் சிறுமி எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926-இல் பதிவாயிற்று. 1932-இல் ஏ. வி. மெய்யப்பன் தம் நண்பர்களுடன் சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஜெர்மானிய ஓடியன் தட்டுகளை விற்பனை செய்யும் உரிமையைப் பெற்றார். பிற்காலத்தில் தமிழ்த் திரையுலகில் பெரும்பெயர் பெற்ற ஏ.வி.எம். நிறுவனத்தின் வேர் ஓர் இசைத்தட்டுக் கடையில் இருக்கிறது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இத்தட்டுகளை நமது உரைகற்களில் தேய்த்துப் பார்ப்போம். நிமிஷத்திற்கு ஏறக்குறைய 78 சுற்றுகள் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷமே பாடலாம். டி. என். ராஜரத்தினம் பிள்ளை கோவில் திருவிழாவில் மணிக்கணக்காக விரித்து வாசித்த தோடி ராகம், தட்டில் சில நிமிஷங்களுக்குள் ஒடுங்கவேண்டியதாயிற்று. ஆலாபனையின் அமைதி போயிற்று, விறுவிறுப்பு மிஞ்சியது. சுருதியும் தப்பாமல் இருக்கவில்லை. பழைய தட்டுகள் பல 78-க்குக் குறைவான வேகத்தில் பதிவானவை. அவற்றை 78-இல் ஓட்டினால் பாடகரின் சுருதி தானே ஏறிவிடும். சாவி தளர்ந்தாலோ பாட்டு இழுபடும். உண்மை, கொள்ளளவு என்னும் முதலிரு சோதனைகளிலும் தட்டு தேறவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஆயினும் மூன்றாவது சோதனையில் அது பெற்ற வெற்றி மகத்தானது. ஜமீன்தார் மாளிகையிலும் சபைக் கூடத்திலும் அடைபட்டிருந்த சங்கீதத்தைத் தட்டு வீதிக்குக் கொண்டுவந்தது. சீட்டு வாங்க வசதியில்லாதவனும், சபையில் இடம் மறுக்கப்பட்டவனும், காப்பிக் கடையின் வாசலில் நின்று பெரிய வித்வான்களின் பாட்டைக் கேட்டான். எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் தமது 27-ஆம் வயதில் மறைந்தார். அந்தக் கந்தர்வக் குரலை இன்று நாம் கேட்கிறோம் என்றால், அது இரைச்சலோடு கூடிய அந்த அரக்குத் தட்டுகளின் தயவேயாகும். குறையுள்ள பதிவாயினும், பதிவே இல்லாமையைவிடப் பன்மடங்கு மேலானது.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி, நிமிஷத்திற்கு 33⅓ சுற்றுகள் என்ற அளவில் மெதுவாகச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. அரக்கின் இடத்தை வினைல் பிடித்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்திற்கு மேல் இடம் கிடைத்ததால் ராகம், கீர்த்தனை, கற்பனை ஸ்வரம் மூன்றும் மூச்சுவிட முடிந்தது. 1982-இல் பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் உருவாக்கிய குறுந்தட்டு சந்தைக்கு வந்தது. அதில் ஊசி இல்லை; லேசர் ஒளி உண்டு. ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதிவைப்பது அதன் முறை. 12 சென்டிமீட்டர் அகலத் தட்டில் 74 நிமிஷ இசை அடங்கிற்று. ஊசி தொடாததால் கேட்பதனால் தேய்வதும் இல்லை.

செவிக்கு இவ்வளவு கிடைத்தபோதும் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ருக்மிணி தேவி 1936-இல் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்திரத்தில் பயின்ற நாட்டியத்தை எந்த இசைத்தட்டு பிடித்துவைக்க முடியும்? ஜதியின் ஒலியைப் பிடிக்கலாம். விரலின் முத்திரையையும் கண்ணின் அபிநயத்தையும் பிடிக்க இயலாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது 1996-இல் ஜப்பானில் வெளியான டிவிடி. அது சிறந்த சாதனமே. எனினும் நம் நாட்டில் வழங்கிய முறையில், விநாடிக்கு 24 படங்களாக எடுத்த திரைப்படம் தட்டில் 25 படங்களாக ஓடியது. படம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைந்ததோடு, தனியே திருத்தாவிட்டால் பாட்டின் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிட்டது. கிராமபோன் காலத்துப் பிழை லேசர் காலத்திலும் வேறு வேடத்தில் தொடர்ந்தது!

2006-ஆம் ஆண்டில் ப்ளூ-ரே என்னும் உயர்தெளிவுத் தட்டு வந்தது. அதன் தத்துவம் எளியது. மெல்லிய முனையுள்ள எழுதுகோலால் சிறு எழுத்து எழுதலாம் அல்லவா? அதுபோல அலைநீளம் குறைந்த ஒளியால் சிறிய குழிகளைப் படிக்கலாம். குறுந்தட்டின் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளமுடையது, டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. சிவப்பிலிருந்து ஊதா கலந்த நீலத்திற்கு நகர்ந்ததால், அதே அகலமுள்ள தட்டின் ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட்டுக்குப் பதிலாக 25 கிகாபைட் செய்தி அடங்கியது. படத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள்; டிவிடியில் 720-உம் 576-உம். பெருக்கிப் பார்த்தால் சரியாக 5 மடங்கு. திரைப்படம் அதன் இயல்பான 24 என்ற வேகத்திலேயே ஓடுவதால் சுருதியும் பிழைத்தது.

முதலிரு சோதனைகளிலும் ப்ளூ-ரே இவ்வாறு சிறப்பாகத் தேறுகிறது. மற்ற இரண்டில்தான் வாங்குபவர் விழிப்பாக இருக்கவேண்டும். தெளிவு குறைந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தால் அந்த 5 மடங்கும் வீணே. உலகத்தை அது மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது: சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, இங்கிலாந்து பி, இந்தியா சி. மண்டலப் பூட்டு உள்ள தட்டாயின், சிங்கப்பூரிலிருந்து மாமா ஆசையோடு வாங்கிவந்தது நம் வீட்டு யந்திரத்தில் ஓடாது. இன்னொரு சம்பவமும் எச்சரிக்கையாகும். ப்ளூ-ரேக்குப் போட்டியாக அதே 2006-இல் எச்.டி. டிவிடி என்ற வேறொரு தட்டு வந்தது. இரண்டாண்டு காலப் போட்டிக்குப் பின், 2008 பிப்ரவரியில் தோஷிபா நிறுவனம் அதைக் கைவிட்டது. அதை நம்பி யந்திரம் வாங்கியவர்களின் தட்டுகள் நல்ல நிலையில் இருந்தும் பயனற்ற நிலைக்குத் தள்ளப்பட்டன. தகுதி மட்டும் ஒரு சாதனத்தை வாழவைப்பதில்லை. அதைத் தொடர்ந்து செய்வோரும் வேண்டும்.

இன்று படமும் பாட்டும் இணையத்தின் வழியே வீட்டுக்குள் பாய்ந்து வருகின்றன. எட்டும் எளிமையில் அதற்கு நிகரில்லை. ஆனால் அங்கே நாம் பெறுவது பார்க்கும் அனுமதியே. உரிமையாளர் நினைத்தால் ஒரு படம் ஒரே இரவில் மறைந்துவிடலாம். அலமாரியில் இருக்கும் தட்டு அப்படி மறையாது. ஆகையால், அடிக்கடி மீண்டும் பார்க்க விரும்பும் படங்களும் கச்சேரிகளும் நாட்டியங்களும் உடையவர் உயர்தெளிவுத் தட்டு யந்திரத்தை இன்றும் மனநிறைவோடு வாங்கலாம். ஒருமுறை பார்த்து மறப்பவருக்கு அது தேவையில்லை. வாங்குபவர் டிவிடியும் குறுந்தட்டும் அதில் ஓடுமா என்று கேட்டு வாங்குவது நன்று. ஏனெனில் ஒரு யந்திரம் மறையும்போது அதனுடன் ஒரு தலைமுறையின் தட்டுகளும் ஊமையாகின்றன.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா வைத்திருந்த இசைத்தட்டுகள் இருக்கலாம். அவற்றைப் பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போடும் முன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தட்டின் மேலுள்ள வில்லையில் பாடியவர் பெயரும் எண்ணும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அதை ஓட்டும் யந்திரம் உடையவரைத் தேடிச் சென்று, சரியான வேகத்தில் ஓட்டிப் புதிய முறையில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்றுக்கு இரண்டு படிகளாக வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஏட்டுச் சுவடிகளைக் கரையான் தின்னுமுன் படியெடுத்தவர்கள் நமக்குச் சங்க நூல்களைத் தந்தார்கள். ஒலிக்கும் ஒளிக்கும் அந்தத் தொண்டைச் செய்ய வேண்டிய தலைமுறை உங்களுடையது.

எடிசனின் யந்திரத்தின் முன் அன்று பேசியவர்கள், தங்கள் குரல் என்றும் நிலைக்கும் என்றே நம்பியிருப்பார்கள். நம்பிக்கையால் மட்டும் குரல் நிலைப்பதில்லை. தட்டும், அதை ஓட்டும் யந்திரமும், அவற்றைப் போற்றும் மனிதரும் ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் நேற்றைய பாட்டு நாளைய செவியில் ஒலிக்கும்.