வித்தும் பெயரும்: அயற்கனி மரங்களின் இந்திய வருகை

முன்னுரை

கொய்யா, சீத்தா, பப்பாளி, முந்திரி ஆகியவை அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியரின் கடல்வழி வருகைக்குப்பின் இந்தியாவில் பரவியவை. மங்குஸ்தானும் துரியானும் வங்கக்கடலுக்கு அப்பாலுள்ள மலாய் நிலத்திற்குரியவை. தொலைவிலிருந்து வந்தவை வேலியோரங்களில் தாமே முளைக்கின்றன. அண்மையிலிருந்து வந்தவை நெடுங்காலம் அரிய மரங்களாகவே இருந்தன. இம்முரணுக்குரிய காரணத்தை வித்தின் இயல்பிலும், அதன் விளைவைப் பழப்பெயர்களிலும் இக்கட்டுரை காண முயல்கிறது.

வித்தின் இருவகை

1973-இல் இராபர்ட்ஸ் என்னும் ஆய்வாளர் வித்துகளை இருவகையாகப் பகுத்தார். ஈரம் வற்றியபின்னும் உயிர்ப்பைக் காப்பவை ஒருவகை. உலர்ந்தால் மடிபவை மற்றொருவகை. இவற்றை முறையே உலர்தாங்கும் வித்து, உலர்தாங்கா வித்து எனலாம். கொய்யாவும் சீத்தாவும் முதல்வகையின. பப்பாளியும் முந்திரியும் அவற்றைப்போலவே உலர்த்தி எடுத்துச்செல்லத் தக்கவை. மா, பலா, துரியான், மங்குஸ்தான் ஆகியவை இரண்டாம் வகையின. மங்குஸ்தான் வித்தைக் கனியினின்று பிரித்து உலரவிட்டால் சில நாள்களில் முளைதிறன் அழியும். சதையைக் கழுவி, ஈரம் குன்றுமுன் நடுதல் வேண்டும். அவ்வித்து மகரந்தச் சேர்க்கையின்றி உருவாவதால் நாற்று தாய்மரத்தையே பெரிதும் ஒத்திருக்கும். எனினும் அது காய்க்கப் பெரும்பாலும் எட்டாண்டுகளுக்குக் குறையாது.

கடல்கடந்த வித்துகள்

கோவாவில் மருத்துவராக வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா 1563-இல் வெளியிட்ட நூலில் துரியானை மலாக்காவின் கனியாகவே விளக்குகிறார். முந்திரியைக் கொச்சியில் கண்டதை அக்கோஸ்தா 1578-இல் பதிவுசெய்தார். பப்பாளி பிலிப்பைன்சு, மலாக்கா வழியாக இந்தியாவை அடைந்ததை 1596-இல் வெளிவந்த லின்சோத்தனின் பயணநூல் தெரிவிக்கிறது. இங்கிருந்தே அதன் வித்து 1626-இல் நேப்பிள்சுக்கு அனுப்பப்பட்டது. மலாக்காவுடன் இடையறாத கப்பல் தொடர்பு இருந்தும், பப்பாளி பரவியதுபோலத் துரியான் பரவவில்லை என்பது எண்ணத்தக்கது.

தட்பவெப்பமும் ஒரு காரணமே. ஆயினும் கேரளத்தில் இன்று மங்குஸ்தான் பயிரிடப்படுகிறது. அதன் இனத்தைச் சார்ந்த குடம்புளி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. எனவே தட்பவெப்பத்தை மட்டும் தடையெனக் கொள்ள இயலாது. மாவும் பலாவும் போர்த்துக்கீசியரால் பிரேசிலை அடைந்தமையால், வித்தின் இயல்பும் கடக்கவியலாத தடையன்று. பரவலைத் தாமதப்படுத்தும் தடை எனலே பொருந்தும்.

பெயர்ச்சான்று

எளிதில் பரவிய கனிகளின் பெயர்கள் மக்கள் வழக்கில் உருமாறின. போர்த்துக்கீசியரின் ‘கொயாபா’ கொய்யா ஆயிற்று. திராட்சையைக் குறித்த ‘முந்திரிகை’ என்னும் பழஞ்சொல் புதிய மரத்திற்கும் ஏறியது. மலையாளம் அதன் கொட்டையைப் ‘பறங்கியண்டி’ எனக் குறித்து வந்தவழியை நினைவிற்கொண்டது. அனோனா இனத்தின் இருமரங்களோ சீத்தா, இராமசீத்தா என இதிகாசப் பெயர்களையே பெற்றன. சீத்தா எவ்வளவு வேரூன்றியதெனின், பர்கூத் சிற்பங்களில் அதன் கனியைக் கண்டதாகக் கன்னிங்காம் கருதினார். அதனால் அதன் தாயகம் பற்றியே விவாதம் எழுந்தது. மாறாக, துரியானும் மங்குஸ்தானும் மலாய்ப்பெயர்களை ஏறத்தாழ அப்படியே சுமந்து நிற்கின்றன.

பேழையும் தோட்டமும்

இலண்டன் மருத்துவர் வார்டு உருவாக்கிய மூடிய கண்ணாடிப் பேழை 1833-இல் சிட்னிக்கான கடற்பயணத்தில் சோதிக்கப்பட்டது. பேழைக்குள் ஈரம் சுழன்று நின்றதால் நாற்றுகள் பல மாதங்கள் பிழைத்தன. உலர்தாங்காத தேயிலை வித்துகளை இப்பேழை மண்ணில் விதைத்து, முளைத்தெழுந்த நாற்றுகளாகவே 1851-இல் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார் பார்ச்சூன். இவ்வகை முயற்சிக்குக் கருவியும், பராமரிக்க நிலையான தோட்டமும் தேவைப்பட்டன. நீலகிரிச் சரிவில் பர்லியாறு (1871), கல்லாறு (1900) ஆகிய அரசுப் பழத்தோட்டங்கள் மங்குஸ்தானையும் துரியானையும் பேணி வந்துள்ளன.

முடிவுரை

மடியில் முடிந்துவரத்தக்க வித்து உழவனிடம் சென்று ஊர்ப்பெயர் பெற்றது. ஈரத்தோடு காக்கவேண்டிய வித்து அரசுத் தோட்டத்தில் தங்கி அயற்பெயரோடு நின்றது. பயிர்ப்பெயராய்வில் சொல்லின் ஒலிமாற்றத்தோடு வித்தின் இயல்பையும் சேர்த்து நோக்குதல் பயன்தரும். உலர்தாங்கா வித்துகளை வழக்கமான வித்துக்கிடங்குகளில் உலர்த்திக் குளிர்வித்துச் சேமிக்க இயலாது. ஆதலின் உயிருடன் நிற்கும் பழமரங்களே அவற்றின் கருவூலம். அம்மரங்களைக் காத்தல் ஆவணக்காப்புக்கு நிகரான கடமையாகும்.