வலி இருக்கான்னு கேட்டேன், இல்லன்னாங்க

1/ திருத்துறைப்பூண்டி பக்கம் பல வருஷத்துக்கு முன்னாடி நான் பார்த்த ஒரு அம்மா. வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும். சின்ன வயசுலேர்ந்து நடவு வேலை. சேத்துப்புண்ணுக்கு மருந்து வாங்க வந்திருந்தாங்க. "இடுப்பு வலி இருக்காம்மா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க சார்"னாங்க. நானும் 'வலி இல்லை'ன்னு எழுதிட்டேன்.

2/ போறதுக்கு எழுந்தப்போ மேசையைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு தடவை நின்னு நின்னு எழுந்தாங்க. "வலி இல்லன்னீங்களே?" "வலி இல்லீங்க சார், கடுப்புதான். நடவு நாள்ல ராத்திரி பூரா கடுக்கும். அது எல்லாருக்கும் உள்ளதுதானே!"

தப்பு என் கேள்வியில. வேலை உடம்பை எவ்வளவு வாட்டுதுன்னு வேலை செய்றவரையே கேட்டு அளக்குறதுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கு. அதுல நம்ம டெல்டாவுக்கும் பங்கு உண்டு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

3/ ஆரம்பம் இத்தாலியில. மோடனா நகரத்துல மலக்குழியில இறங்கி வேலை செஞ்ச ஒருத்தரை பெர்னார்டினோ ராமஸ்ஸினிங்கற டாக்டர் பார்த்தார். ஏன் இவ்வளவு அவசரமா செய்றீங்கன்னு கேட்டார். நாலு மணி நேரத்துக்கு மேல உள்ளே இருந்தா கண்ணே போயிடும்கறதுதான் பதிலோட சாரம். தொழில் நோய்கள் பற்றி 1700-ல் அவர் எழுதின புத்தகத்துக்கு அந்தப் பதில்தான் தூண்டுதல். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் "என்ன தொழில் செய்றீங்க?"ன்னும் கேட்கணும்னு அதுல எழுதினார்.

4/ அப்புறம் கருவிகளோட காலம் வந்துச்சு. வேலை செய்றவர் விடுற மூச்சைப் பையில பிடிச்சு, எவ்வளவு ஆக்சிஜன் செலவாச்சுன்னு கணக்குப் போட்டாங்க. இந்தியாவிலயும் 1980-ல் பி.கே. நாக் குழுவினர் விவசாயத் தொழிலாளர்களோட வேலைச்சுமையை அளந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க.

ஆனா ஒரு சிக்கல். குனிஞ்ச வாக்கிலேயே நிக்கிறதுக்குப் பெருசா ஆக்சிஜன் செலவாகாது. முதுகுத் தசையும் தசைநாரும் மணிக்கணக்கா இழுபட்டுக்கிட்டே இருக்கும். ஆக்சிஜன் கணக்கை மட்டும் பார்த்தா அந்தக் கஷ்டம் அதுல முழுசா தெரியாது.

5/ ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வேற வழியில போனார். சைக்கிள் மாதிரி ஒரு கருவியை மிதிக்கவிட்டு, "எவ்வளவு கஷ்டமா இருக்கு?"ன்னு கேட்டார். சுமை ஏறுற வேகத்தைவிட கஷ்டம் வேகமா ஏறுதுன்னு தெரிஞ்சுது. 6-லேர்ந்து 20 வரைக்கும் ஒரு அளவுகோல் உருவாக்கினார். சொல்ற எண்ணைப் பத்தால பெருக்கினா நாடித்துடிப்புக்குப் பக்கத்துல வரும். அந்தக் கணக்கு ஆரோக்கியமான இளைஞர்களை வெச்சுப் போட்டது. ஆனாலும் வாய்ச்சொல் வெறும் புலம்பல் இல்ல, அதுவும் ஒரு அளவுதான்னு அறிவியல் ஒத்துக்கிச்சு.

6/ 1987-ல் வந்தது நார்டிக் கேள்வித்தாள். ஒரு மனுஷ உருவப் படம். கழுத்துலேர்ந்து பாதம் வரை ஒன்பது பகுதி. ஒவ்வொண்ணுக்கும் சாராம்சமா மூணு கேள்வி: 12 மாசத்துல தொந்தரவு இருந்துச்சா? அதனால வழக்கமான வேலை தடைப்பட்டுச்சா? கடைசி 7 நாள்ல இருந்துச்சா? பேப்பர், பேனா போதும். நம்ம நாட்டு நெல் வயல் ஆய்வுகள்லயும் இதைப் பயன்படுத்தியிருக்காங்க.

7/ இனி நம்ம ஊர் கதை. கேள்வித்தாள் சரியா வேலை செய்யணும்னா, பதில் சொல்றவருக்குப் பயம் இருக்கக்கூடாது. கீழத்தஞ்சையில பண்ணையாள் முறை இருந்தப்போ, பெரும்பாலும் தலித் மக்களான பண்ணையாட்களுக்கு வேலையில குறை கண்டா என்ன தண்டனை தெரியுமா? சவுக்கடி. சாணிப்பால். அந்தக் காலத்துல "முடியலீங்க"ன்னு சொல்றது நோயைச் சொல்றதா எடுத்துக்கப்படல. அது குற்றம்.

8/ 1943-ல் பி. சீனிவாசராவ் டெல்டாவுக்கு வந்து விவசாயிகளையும் பண்ணையாட்களையும் சங்கமா திரட்டினார். 1944 மன்னார்குடி ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டச் சொன்னது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968-ல் கூலித் தகராறின் உச்சத்துல வெண்மணியில 44 பேர் எரிஞ்சு செத்தாங்க. அடுத்த வருஷம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1961-ல் இறந்துபோன சீனிவாசராவோட நினைவிடம் நம்ம திருத்துறைப்பூண்டியிலதான் இருக்கு.

என் பார்வையில, உடம்பு நோவைக் கேட்டு அளக்குறதுக்கு இந்த மண்ணுல அஸ்திவாரம் போட்டது இந்தப் போராட்டங்கள்தான். வாய் திறக்கிற உரிமை முதல்ல வந்தாதான் கேள்வித்தாளுக்கே அர்த்தம்.

9/ சவுக்கு போயிடுச்சு. ஆனா பதில் இன்னமும் மூணு இடத்துல ஒழுகுது.

ஒண்ணு, சொல். வலி, நோவு, கடுப்பு, குடைச்சல், உளைச்சல், பிடிப்பு, மரத்துப்போறது எல்லாம் நம்ம சனங்களுக்கு வேற வேற. வலியை மட்டும் கேட்டா மத்ததெல்லாம் 'இல்லை'யில போயிடும்.

ரெண்டு, கூலி. "வேலை தடைப்பட்டுச்சா?"ன்னா இல்லன்னுதான் வரும். மாத்திரை போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க. போகலன்னா அன்னைக்கு உலை கொதிக்காது. தாள்ல அது 'லேசான தொந்தரவு'ன்னு பதிவாகும்.

மூணு, பருவம். கடைசி 7 நாளைப் பத்தி சித்திரை வைகாசியில கேட்டா ஒண்ணும் இருக்காது. சம்பா நடவு நேரத்துல அதே ஆளைக் கேட்டுப் பாருங்க.

10/ இப்போ நான் வலி இருக்கான்னு கேட்டு நிறுத்திக்கிறதில்ல. "நடவுல நின்னுட்டு வந்த ராத்திரி உடம்பு எப்படி இருக்கும்?"னு கேட்கிறேன். "மாத்திரை போடாம வேலைக்குப் போக முடியுமா?"ன்னு கேட்கிறேன். பதில் கொட்டுது.

11/ உங்க வீட்டுல வயலுக்கோ, சித்தாள் வேலைக்கோ, தையல் மெஷினுக்கோ போறவங்க இருந்தா ரெண்டு விஷயம். டாக்டர்கிட்ட போனா என்ன தொழில்னு அவர் கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க. கடுப்போ குடைச்சலோ, உங்க வாயில வர்ற சொல்லாலேயே சொல்லுங்க. கால் மரத்துப்போறது, பலம் குறையுறது, சிறுநீர் கழிக்கச் சிரமம் இருந்தா தள்ளிப்போடாம வாங்க.

12/ அந்த அம்மா மறுபடி வந்தப்போ பழைய சீட்டுல 'வலி இல்லை'யை அடிச்சுட்டு, 'நடவு வேலை, பல வருஷம், இரவில் இடுப்புக் கடுப்பு'ன்னு எழுதினேன். "எல்லாருக்கும் உள்ளதுதானே"ன்னு அவங்க சொன்னது மட்டும் இன்னும் மனசுல நிக்குது. எல்லாருக்கும் இருக்குன்னா, அது வேலையில இருக்கிற கோளாறுன்னுதானே அர்த்தம்?